புதிய பதிப்பும் பழைய கணினியும்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29 இல் வெளிவந்த அந்தப் பதிப்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கிலும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் உழைத்தது. ஆதரவு முடிந்த நாளிலும் கோடிக்கணக்கான கணினிகள் அதிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. அன்று தொடக்கம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்ற நண்பர்களும் சரி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழுகின்ற உறவினர்களும் சரி, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "இனி எந்தப் பதிப்பைப் போடுவது?"

நான் கணினித்துறை சார்ந்தவன் அல்லன்; கலைப்பட்டதாரி. ஆயினும் செய்தி அறைக்குள் கணினி நுழைந்த காலந்தொட்டு அதனோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற வகையில் இதுபற்றிச் சில அபிப்பிராயங்கள் எனக்கு உண்டு. கணினி வல்லுநர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் புதிய பதிப்பில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்பதையே பேசுகின்றன. சாதாரணமாகக் கணினியைப் பயன்படுத்துபவருக்கு அந்த வசதிகளால் ஆகப்போவது அதிகமில்லை. அவருக்கு வேண்டியவை இரண்டு. காலையில் கணினியைத் திறந்தால் நேற்று இருந்தது போலவே அது இருக்க வேண்டும். மேசையில் இருக்கின்ற அச்சுப்பொறியும் ஸ்கானரும் அதனோடு ஒத்துழைக்க வேண்டும். முதலாவதை உறுதிப்பாடு என்றும் இரண்டாவதை வன்பொருள் ஆதரவு என்றும் சொல்லலாம். இயங்குதளத்தின் பதிப்பைத் தெரிவு செய்கையில் இவ்விரண்டையுமே முதலில் பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து.

இதற்கு நம்மவரிடையே வழங்கும் பதில்கள் இரண்டு. "புதியது வந்துவிட்டதென்றால் அதைப் போடு" என்பது ஒன்று. "ஓடுகின்ற வண்டியை ஏன் நிறுத்துவான்? இருப்பதையே வைத்திரு" என்பது மற்றது. இரண்டு பதில்களும் பலருக்கு நட்டத்தைக் கொடுத்திருக்கின்றன. வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் டிரைவர் என்று சொல்லப்படுகின்ற இயக்கி மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. இயங்குதளத்துக்கும் அச்சுப்பொறி போன்ற ஒரு கருவிக்கும் இடையில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷிதான் டிரைவர். இயங்குதளம் தனது பேச்சை மாற்றிக்கொண்டால் பழைய துபாஷிக்கு அது புரியாது. புதிய துபாஷியைத் தர வேண்டியவர் அந்தக் கருவியைத் தயாரித்த நிறுவனத்தார். அவரோ அந்தக் கருவியை விற்றுக் காசு பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். பழைய கருவிக்குப் புதிய டிரைவர் எழுதுவதில் அவருக்கு வருமானம் ஏதுமில்லை. புதிய கருவியை விற்பதில்தான் வருமானம். எனவே எந்தப் பழுதும் இல்லாத ஒரு ஸ்கானர் ஒரே இரவில் பழைய இரும்பு ஆகிவிடுகின்றது.

விண்டோஸ் விஸ்டாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2001 ஒக்டோபர் 25 இல் வெளிவந்த எக்ஸ்பிக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2007 ஜனவரி 30 இல் விஸ்டா பொதுமக்களின் கைக்கு வந்தது. திரைக்கான டிரைவர்களின் அமைப்பு, ஒலிக்கான அமைப்பு என்று அடித்தளத்திலேயே பல மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. 64 பிற் பதிப்பில், கருவின் மட்டத்தில் இயங்கும் டிரைவர்கள் கையொப்பமிடப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற விதியும் கட்டாயமாக்கப்பட்டது. இவை யாவும் நியாயமான மாற்றங்களே. ஆனால் வன்பொருள் நிறுவனங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. அச்சுப்பொறிகளும் ஸ்கானர்களும் திரை அட்டைகளும் ஆயிரக்கணக்கானோரின் மேசைகளில் ஊமையாகின. "விஸ்டாவுக்குத் தகுதியானது" என்ற ஒட்டுவில்லையோடு விற்கப்பட்ட கணினிகள் சில அதன் முழுமையான தோற்றத்தைக் காட்ட இயலாதனவாக இருந்தமை அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கின்போது 2008 இல் வெளிவந்த மின்னஞ்சல்களைப் பார்த்தால், மைக்ரோசொப்ட்டின் மேல்மட்டத்தினரே தங்கள் வீட்டு அச்சுப்பொறிக்கு டிரைவர் இல்லையென்று முறைப்பட்டிருந்தமை தெரியவருகின்றது. அவர்களுக்கே அந்தக் கதியென்றால் சாதாரண பாவனையாளரின் நிலை எப்படியிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 2009 ஒக்டோபர் 22 இல் விண்டோஸ் 7 வந்தது. எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். விஸ்டாவைத் திட்டித்தீர்த்தவர்களே விண்டோஸ் 7 ஐ மெச்சினார்கள். உள்ளே பார்த்தால் இரண்டுக்கும் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். விஸ்டாவுக்கென்று எழுதப்பட்ட டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 7 இல் அப்படியே வேலை செய்தன. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் வன்பொருள் நிறுவனங்கள் டிரைவர்களை எழுதித் திருத்தி முடித்திருந்தன. விண்டோஸ் 7 க்குக் கிடைத்த நற்பெயரில் ஒரு பங்கு, விஸ்டாவை முதலில் வாங்கி அல்லற்பட்டவர்கள் செலுத்திய கட்டணம் என்றே சொல்ல வேண்டும். புதிய பதிப்பை முதல் நாளிலேயே போடுகின்றவர் மற்றவர்களுக்காகச் சம்பளமின்றிப் பரீட்சித்துக் கொடுக்கின்றார். அந்தப் பணியை விரும்பிச் செய்பவர்கள் செய்யட்டும். நாளாந்த வேலை கணினியில் தங்கியிருக்கின்ற ஒருவர் அதைச் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் மாற்றாமலே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் 2017 மே 12 ஆம் திகதி கிடைத்தது. "வன்னாகிறை" என்ற பணயத்தீநிரல் அன்று பரவத் தொடங்கி, 150 க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டதாகவும், 6,912 சந்திப்புகள் இரத்துச் செய்யப்பட்டமை உறுதியானதாகவும், உண்மையான தொகை 19,000 க்கு மேல் இருக்கலாம் எனவும் அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. நோயாளிகள் வைத்தியசாலை வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இதில் பலரும் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. பழி முழுவதும் எக்ஸ்பியின் தலையில் போடப்பட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இலேயே முடிந்திருந்தது உண்மை. ஆனால் அங்கு தாக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 இல் இயங்கியவை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை யாரும் நிறுவவில்லை. ஆகவே, ஆதரவு உள்ள பதிப்பை வைத்திருந்தால் மட்டும் போதாது. வருகின்ற பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றிக்கொள்ளவும் வேண்டும். ஆதரவே இல்லாத பதிப்பென்றால் ஏற்றிக்கொள்வதற்கு எதுவும் வராது. "எனது கணினியில் களவெடுக்க என்ன இருக்கின்றது?" என்று கேட்பவர்கள் அதே கணினியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது விண்டோஸ் 11 க்கு வருவோம். 2021 ஒக்டோபரில் வெளிவந்த இதற்கு 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் போதும். ஆனால் ரி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும், ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அல்லது அவற்றுக்குப் பிந்தியவையும் வேண்டும். எட்டாம் தலைமுறை 2017 இல் வந்தது. அதற்கு முந்திய கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாசலில் நிறுத்தப்படும். பாதுகாப்பின் பொருட்டே இந்த நிபந்தனை என்பது நிறுவனம் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. எனினும் ஏழாம் தலைமுறைச் செயலிகள் ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கப்பட்டபோது, கோர் ஐ7-7820எச்கியூ என்ற ஒன்று மட்டும் சில உயர்ரகச் செயலிகளோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றப்பட்டது. அது மைக்ரோசொப்ட் தானே விற்பனை செய்த சர்பேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் உள்ள செயலி. கோடு எங்கே கீறப்படும் என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தத் தடையைக் குறுக்குவழியில் தாண்டி, தகுதியற்ற கணினியிலும் விண்டோஸ் 11 ஐ நிறுவ முடியும். கடைக்காரர்கள் பலர் செய்து கொடுக்கின்றார்கள். அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கின்றது. பொழுதுபோக்குக்கான கணினி என்றால் செய்து பார்க்கலாம். வயிற்றுப்பாட்டுக்கான கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பேன்.

தகுதியுள்ள கணினி வைத்திருப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 என்பது ஒரே பதிப்பு அன்று. ஆண்டுக்கொரு தடவை அதற்குள்ளேயே புதிய பதிப்பு வருகின்றது. வீட்டுக்கான ஹோம், புரோ ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் 24 மாதங்கள் மட்டுமே ஆதரவு. 2024 ஒக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்சிஎல் என்ற முறையைப் பயன்படுத்தும் யு.எஸ்.பி. ஸ்கானர்களைக் கண்டுகொள்ள இயலாத கோளாறு அதில் இருந்தமையால், அத்தகைய கருவிகள் பூட்டப்பட்ட கணினிகளுக்கு அப்பதிப்பை வழங்குவதை மைக்ரோசொப்ட் சில காலம் நிறுத்தி வைத்தது. 2025 ஒக்டோபரில் வந்த மாதாந்தத் திருத்தமோ, பழைய தொலைநகல் மோடம்களுக்கான அகியர் டிரைவரை அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை காரணமாக முற்றாக நீக்கிவிட்டது. அதே திருத்தத்தால், கணினி பழுதாகும்போது உதவும் மீட்புத் திரையில் யு.எஸ்.பி. விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யாமற்போக, சில நாட்களில் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. இதற்கு முன்னர் 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு, சிலரது கோப்புகளையே அழித்துவிட்டதால் திரும்பப்பெறப்பட்டு நவம்பரில் மீண்டும் வெளியிடப்பட்டது. ஆண்டுப் பதிப்புகளை வந்த உடனே போடாமல் நான்கைந்து மாதங்கள் பொறுத்திருப்பதும், மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதிருப்பதும் நல்ல பழக்கம். இவை இரண்டும் வெவ்வேறானவை. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, முன்னதற்குப் பயந்து பின்னதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

பதிப்பின் இலக்கம் பெரிதென்றால் ஆயுளும் பெரிதென்று நினைப்பதும் தவறு. நிறுவனங்களுக்கென வெளியிடப்பட்ட விண்டோஸ் 10 இன் எல்.ரி.எஸ்.சி. 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரை ஆதரவு உண்டு. அதன் தம்பியான 2021 பதிப்புக்கோ 2027 ஜனவரி வரைதான். அண்ணனுக்கான ஆதரவு தம்பியினதை விட இரண்டாண்டுகள் பிந்தியே முடிகின்றது! எனவே பெட்டியில் உள்ள இலக்கத்தைப் பாராமல், ஆதரவு முடியும் திகதியைத் தேடிப் பாருங்கள்.

லினக்ஸ் பக்கம் போனால் இந்தத் தெரிவு இன்னும் வெளிப்படையாகவே வைக்கப்பட்டிருக்கின்றது. 1993 இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில் உறுதியானது, பரீட்சிக்கப்படுவது, உறுதியற்றது என மூன்று கிளைகள் உண்டு. உறுதியற்ற கிளைக்கு "சிட்" என்று பெயர். "ரோய் ஸ்ரோரி" திரைப்படத்தில் விளையாட்டுப் பொருட்களை உடைக்கின்ற பையனின் பெயர் அது. உடையக்கூடும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகின்ற நேர்மையை நான் மதிக்கிறேன். உறுதியான கிளையில் மென்பொருட்கள் சற்றுப் பழையனவாக இருக்கும். வெளியான பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருமே தவிர, புதுமைகள் வரமாட்டா. உறுதி என்றால் விழாமல் நிற்பது மட்டுமல்ல, மாறாமல் இருப்பதும்தான் என்பது அவர்களது கொள்கை. உபுண்டு 2006 ஜூன் முதல் இரண்டாண்டுக்கொரு தடவை எல்.ரி.எஸ். என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தருகின்றது. அதற்கு ஐந்தாண்டுகள் ஆதரவு. இடையில் வருகின்ற பதிப்புகளுக்கு ஒன்பதே மாதங்கள். 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்பு 2029 வரை செல்லும்.

லினக்ஸில் டிரைவர்களின் நிலைமை விண்டோஸுக்கு மறுதலையானது. அங்கே பெரும்பாலான டிரைவர்கள் கருவினுள்ளேயே அடங்கியிருக்கின்றன. ஆகவே பழைய கணினி பழையது என்ற காரணத்தாலேயே அங்கு நன்றாக ஓடுகின்றது. அதன் உறுப்புகளை எல்லாம் பல வருடங்களுக்கு முன்பே கரு அறிந்துவிட்டது. சிக்கல் வருவது நேற்று வாங்கிய மடிக்கணினியில்தான். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 இன் கரு 6.1. அதன் பின்னர் சந்தைக்கு வந்த வைஃபை சில்லை அது எப்படி அறியும்? புதிய கணினிக்கு 6.12 கருவோடு 2025 ஓகஸ்ட் 9 இல் வந்த டெபியன் 13, அல்லது இடையிடையே புதிய கருவைப் பெற்றுக்கொள்ளும் உபுண்டு எல்.ரி.எஸ். பொருந்தும். மறுபுறத்தில், மிகப் பழைய 32 பிற் கணினிகளில் நிறுவுவதற்கான வசதி டெபியன் 13 இல் கைவிடப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலவசம் என்பதற்காக எல்லாக் கதவுகளும் எந்நாளும் திறந்திருக்கும் என்றில்லை.

தமிழில் தொழில் செய்பவர்களுக்குத் தனியான ஒரு கவலை இருக்கின்றது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் அச்சகங்களும் நீண்டகாலம் பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கரிலும் வாழ்ந்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். 2004 இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அதன் கோப்புகளை இன்டிசைனில் திறப்பதென்றாலும் சிஎஸ்6 வரையான பதிப்புகளே உதவும். 16 பிற் காலத்து மென்பொருட்கள் 64 பிற் விண்டோஸில் இயங்கவே மாட்டா. விண்டோஸ் 11 இலோ 32 பிற் பதிப்பே கிடையாது. நினைவு மலர்களும் கோயில் மலர்களும் சிறுசஞ்சிகைகளும் இன்று இப்படிப்பட்ட கோப்புகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. நூலகங்கள் எரிந்ததையும் இடம்பெயர்வுகளில் ஏடுகள் தொலைந்ததையும் கண்ட சமூகம் நாம். இருக்கின்ற கோப்புகளை இயங்குதள மாற்றத்துக்குப் பலி கொடுப்பது பெரும் அவலம். இதற்கு நான் சொல்லும் வழி, பழைய கணினி ஒன்றைப் பழைய பதிப்போடு அப்படியே வைத்துக்கொண்டு, இணைய இணைப்பை முற்றாக அறுத்துவிடுவதுதான். கோப்புகளை அதிலிருந்து ஒவ்வொன்றாக பிடிஎஃப் ஆகவும் யுனிகோட் எழுத்தாகவும் மாற்றி எடுங்கள். கணினி இடத்தை அடைக்குமென்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் அந்தப் பழைய பதிப்பை நிறுவியும் வைத்திருக்கலாம்.

மற்றவர்களுக்கு எனது ஆலோசனை சுருக்கமானது. இயங்குதளத்தை மாற்ற முன்னர், நீங்கள் கைவிட முடியாத மிகப் பழைய கருவி எது என்று பாருங்கள். அதன் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் புதிய பதிப்புக்கான டிரைவர் இருக்கின்றதா என்று தேடுங்கள். லினக்ஸ் என்றால், நிறுவாமலே யு.எஸ்.பி. குச்சியிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் ஒரு மணி நேரம் பரீட்சித்துப் பாருங்கள். தகுதியுள்ள கணினி என்றால் விண்டோஸ் 11 க்கு மாறிவிடுங்கள். தகுதியற்ற கணினியில் வேலை முழுவதும் உலாவியிலும் மின்னஞ்சலிலும் என்றால் உபுண்டு எல்.ரி.எஸ். அல்லது டெபியனின் உறுதியான பதிப்பு போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் தேவை என்பவர்களுக்காக, விண்டோஸ் 10 க்கான மேலதிகப் பாதுகாப்புத் திருத்தத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரையான ஓராண்டுக்கு அறிவிக்கப்பட்டது. கட்டணம் 30 டொலர். கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் சேமித்துக்கொள்பவர்களுக்கு இலவசம். அது மூச்சுவிடத் தரப்பட்ட அவகாசமே அன்றித் தீர்வு அல்ல. எந்த வழியானாலும் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்த பின்னரே கை வையுங்கள். மின்சாரம் எந்த நேரமும் நிற்கக்கூடிய நம்மூரில், மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் இயங்குதளத்தை மாற்ற முனைவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

கடைசியாக ஒன்று. குளிசைப் பெட்டியில் காலாவதித் திகதி இருக்கின்றது. பால்மாப் பொதியில் இருக்கின்றது. இரண்டு இலட்சம் ரூபா கொடுத்து வாங்கும் கணினியில் இல்லை. குரோம்புக் கணினிகளுக்கு, ஒவ்வொரு மாதிரிக்கும் திருத்தங்கள் எந்தத் திகதி வரை வரும் என்று கூகிள் வெளிப்படையாகப் பட்டியலிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றிய இணைய மீள்தன்மைச் சட்டம், டிஜிட்டல் பொருட்களின் ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் வாங்கும் வேளையிலேயே அறிவிக்க வேண்டுமென விதிக்கின்றது. அதன் பிரதான கடப்பாடுகள் 2027 டிசெம்பரில் நடைமுறைக்கு வரும்படி அமைந்துள்ளன. அந்த விதி நம் நாடுகளுக்கும் வேண்டும். இங்கு ஒரு கணினி ஒருவரோடு முடிவதில்லை. லண்டனில் மாமா பாவித்தது யாழ்ப்பாணத்தில் மருமகனின் உயர்தரப் படிப்புக்கு வரும். அவன் பல்கலைக்கழகம் போனதும் தங்கைக்குப் போகும். மூன்றாவது கைக்கு வருகின்றபோது அதில் எந்த இயங்குதளம் ஓடும், எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதை முதலாவது கையில் காசு வாங்கியவர் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கின்ற உரிமை வாங்குகின்ற நமக்கு உண்டு. அடுத்த கணினியை வாங்கும்போது விலையைக் கேட்பதோடு அந்தத் திகதியையும் கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் தேடிப் பார்க்கத் தொடங்குவார்.